எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் எஞ்சினை எப்படிச் சோதிப்பது?

எதிரி ராஜாவுக்குச் செக். தப்ப ஒரே ஒரு கட்டம்தான். நான் எழுதிய சதுரங்க எஞ்சின் (சதுரங்கம் ஆடும் நிரல்) அந்த நகர்வை ஊகித்துக்கொண்டு, எதிரியின் கடிகாரம் ஓடும்போதே அடுத்த நிலையை அலசத் தொடங்கியது. மூன்று நகர்வில் மேட் இருப்பதைக் கண்டது. இனித் தேட எதுவும் இல்லை என்று ஆழத்தின் உச்சவரம்பைத் தொட்டு, 'பெஸ்ட்மூவ்' என்று விடையை அனுப்பிவிட்டு ஓய்ந்தது. எதிரி இன்னும் காயைத் தொடவே இல்லை. கேட்காமல் வந்த விடையை, ஆட்டத்தை நடத்தும் மென்பொருள் ஒதுக்கிவிட்டது. சில விநாடிகளில் எதிரி அந்த ஒரே நகர்வை ஆடியது. ஊகம் பலித்தது என்று சொல்லும் 'பாண்டர்ஹிட்' என்ற கட்டளை போனது. என் எஞ்சினோ விடை சொல்லியாகிவிட்டது என்று அசையாமல் இருந்தது. மேட் கையில் இருக்க, நேரம் தீர்ந்து தோற்றது.

அந்த ஆட்டத்தின் லாகில் (கட்டளைப் பதிவில்) கடைசி இரண்டு வரிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. மேலே பெஸ்ட்மூவ், அதற்குக் கீழே பாண்டர்ஹிட். வரிசை தலைகீழ். எஞ்சினும் நடத்தும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் யூசிஐ (UCI) விதிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: பாண்டரில், அதாவது எதிராளியின் நேரத்தில் யோசித்துக்கொண்டு இருக்கும்போது மேட்டே தெரிந்தாலும் தேடலை விட்டு வெளியே வரக் கூடாது. பாண்டர்ஹிட்டோ ஸ்டாப்போ வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை நான் கோடில் எழுதாமல் விட்டிருந்தேன். அதே கோடு அதற்கு முன் ஆயிரக்கணக்கான சோதனை ஆட்டங்களை ஒரு குறையும் இல்லாமல் கடந்து வந்திருந்தது. அத்தனையும் பாண்டரை அணைத்து வைத்து ஆடியவை.

பாண்டரைப் போட்டுச் சோதிப்பதா, அணைத்துச் சோதிப்பதா என்ற கேள்வி எஞ்சின் எழுதுகிறவர்களிடமும், எஞ்சின்களை மோதவிட்டுத் தரவரிசை போடுகிறவர்களிடமும் அடிக்கடி எழுகிறது. அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்பது என் எண்ணம். பாண்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா? அதனால் எவ்வளவு பலம் கூடுகிறது? அது இருந்தால் எஞ்சின்களின் வரிசை மாறுமா? ஒன்றுக்குப் பொருத்தமான சோதனை மற்றதற்கு உதவாது. எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவுசெய்யாமல் ஒரு பெட்டியில் டிக் போட்டுவிட்டு இரவு முழுக்க ஆட்டங்களை ஓடவிட்டால், காலையில் கிடைக்கும் எண் எந்தக் கேள்விக்கும் விடையாக இருக்காது.

பாண்டர் எப்படி நடக்கிறது

எஞ்சின் தன் நகர்வைச் சொல்லும்போதே, எதிராளி என்ன ஆடுவார் என்று தான் நினைக்கும் நகர்வையும் சேர்த்துச் சொல்கிறது. யூசிஐ முறையில், நடத்தும் மென்பொருள் அந்த ஊக நகர்வையும் பலகையில் ஆடியதாக வைத்து 'கோ பாண்டர்' என்று அனுப்புகிறது. எஞ்சின் தேடத் தொடங்குகிறது. எதிராளி அதே நகர்வை ஆடினால் பாண்டர்ஹிட் வரும். ஊகம் பலித்துவிட்டது, அதுவரை தேடியது முழுக்க லாபம். அப்போதிருந்து எஞ்சினின் சொந்தக் கடிகாரம் ஓடும். வேறு நகர்வு வந்தால் ஸ்டாப். எஞ்சின் ஒப்புக்கு ஒரு பெஸ்ட்மூவ் சொல்லியே ஆக வேண்டும், அதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பிறகு புது நிலை, புது 'கோ'.

ரூடால்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர்-காலெனும் 2000-இல் வடிவமைத்த யூசிஐயில் கட்டுப்பாடு மென்பொருளின் கையில் இருக்கிறது. எஞ்சின் தானாகப் பாண்டர் செய்யத் தொடங்கக் கூடாது. அதற்கு முந்தைய எக்ஸ்போர்டு (XBoard) முறையில் 'ஹார்ட்' என்றால் யோசித்துக்கொள், 'ஈஸி' என்றால் சும்மா இரு. அவ்வளவுதான் சொல்வார்கள், எதை யோசிப்பது என்பது எஞ்சினின் பாடு. சோதிப்பவருக்கு இதில் ஒரு நடைமுறை வேறுபாடு உண்டு. யூசிஐ லாகில் ஒவ்வொரு ஊகமும் பலித்ததா பொய்த்ததா என்று கட்டளைகளை எண்ணியே தெரிந்துகொள்ளலாம். எக்ஸ்போர்டு எஞ்சினில் அதை எஞ்சினே சொன்னால்தான் உண்டு.

லாபக் கணக்கு

சோதனை முறைகளை ஒப்பிடும் முன், எவ்வளவு லாபத்தை எதிர்பார்க்கலாம் என்று கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அப்போதுதான் எத்தனை ஆட்டம் தேவை என்று தெரியும்.

இரு பக்கமும் நகர்வுக்கு ஒரே அளவு நேரம் எடுக்கின்றன, 10 ஊகத்தில் 6 பலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலித்த நகர்வுகளில் எஞ்சினுக்கு இரண்டு மடங்கு நேரம், பொய்த்தவற்றில் வழக்கமான நேரம். சராசரியாக 1.6 மடங்கு நேரம் கிடைக்கிறது என்று சொல்லத் தோன்றும். அது சற்று மிகையான கணக்கு. நேரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு பலம் கூடுவதாகக் கொண்டால், எண்ண வேண்டியது இரட்டிப்புகளை. 6 முறை ஒரு முழு இரட்டிப்பு, 4 முறை ஒன்றுமில்லை. சராசரி 0.6 இரட்டிப்பு, அதாவது எப்போதும் 1.5 மடங்கு நேரம் கொடுத்ததற்குச் சமம். பலித்த நகர்வில் மிச்சமாகும் நேரத்தை எஞ்சினின் நேர மேலாண்மை மற்ற நகர்வுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தால் 1.6-ஐ நோக்கி நகரும். பகிரத் தெரியாத எஞ்சின் அந்த இடைவெளியை இழக்கும். பாண்டரின் பலனில் ஒரு பங்கு நேர மேலாண்மையின் கையில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கு ஒன்றைப் பார்க்கத் தவறுகிறது. ஊகம் எங்கே பலிக்கிறது, எங்கே பொய்க்கிறது என்பது தற்செயல் அல்ல. ஸ்பானிஷ் ஓப்பனிங்கில் வெள்ளை மந்திரி சி6 கட்டத்துக் குதிரையை வெட்டினால் கறுப்பு சிப்பாயால் திருப்பி வெட்டும். அதை ஊகிக்க எஞ்சினே தேவையில்லை. எதிரியின் நகர்வு எளிதாக இருந்ததால் என் அடுத்த நகர்வும் எளிது என்றாகாதுதான். ஆனாலும் கட்டாய வெட்டுகள் தொடராக வரும் இடங்களில் இரண்டும் சேர்ந்தே வரும், அங்கே கூடுதல் நேரம் பெரிதாக எதையும் மாற்றாது. பொய்க்கும் இடமோ நேர் எதிர். எதிரி நான் பார்க்காத ஒன்றைப் பார்த்திருக்கிறது. எனக்கு நேரம் மிகவும் தேவைப்படும் தருணமே அதுதான். அங்கே பாண்டர் கைவிட்டுவிடுகிறது. தேடிய நிலைகளைச் சேமித்துவைக்கும் ஹேஷ் டேபிளில் சேர்ந்த நிலைகளில் சில நகர்வு வரிசை மாறிப் புதுத் தேடலுக்கும் உதவும் என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஆகவே பலிப்பு விகிதத்தை வைத்து லாபத்தை ஊகிக்கலாம், அளந்துவிட முடியாது. அளக்க ஆட்டம் ஆடித்தான் ஆக வேண்டும். எப்படி ஆடுவது என்பதில்தான் தேர்வுகள் பிரிகின்றன.

இரு பக்கமும் அணைத்து

பெரும்பாலோர் செய்வது இது. எஞ்சின்களுக்கான சிசிஆர்எல் தரவரிசை பாண்டர் இல்லாமல்தான் போடப்படுகிறது. எஞ்சின்கள் மோதும் டிசிஇசி போட்டிகளும் அப்படியே. ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினின் ஒவ்வொரு திருத்தத்தையும் சலிக்கும் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனைத் தளம், முதலில் ஆட்டத்துக்கு 10 விநாடியும் நகர்வுக்கு 0.1 விநாடியும், தேறினால் 60 விநாடியும் 0.6 விநாடியும் என்ற நேரத்தில் ஆடவிடுகிறது. அங்கும் பாண்டருக்கு இடமில்லை.

காரணம் சிக்கனம். பாண்டர் இல்லாத ஆட்டத்தில் எப்போதும் ஒரு எஞ்சின்தான் வேலை செய்கிறது. ஆகவே ஒரு ஆட்டத்துக்கு ஒரு கோர் போதும். 8 கோர் உள்ள கணினியில் 8 ஆட்டம் ஒரே நேரத்தில் ஓடும். பாண்டர் போட்டால் இரண்டு எஞ்சினும் ஓயாமல் ஓடும், 4 ஆட்டம்தான். ஒரே மின்சாரம், ஒரே இரவு, பாதி ஆட்டங்கள்.

ஆட்டங்களின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கும் எண் இருக்கிறது. பாதி ஆட்டங்கள் டிராவாகும் சூழலில், 100 ஆட்டம் ஆடினால் விடையில் இரு பக்கமும் ஏறக்குறைய 48 எலோ (ஆட்ட பலத்தை அளக்கும் புள்ளி) பிழை இருக்கும், 95 சதவீத நம்பிக்கையில். 1000 ஆட்டத்தில் அது 15. 10,000 ஆட்டத்தில் 5. நிலைக்கு மதிப்பெண் போடும் மதிப்பீட்டுச் சார்பில் ஒரு சின்னத் திருத்தம் 3 எலோ கொடுக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவருக்கு ஆட்டங்களைப் பாதியாக்கும் எதுவும் கட்டுப்படியாகாது. அவர் பாண்டரை அணைப்பது சரி. தேடலிலும் மதிப்பீட்டிலும் வரும் முன்னேற்றம் பாண்டர் போட்டாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும் என்ற நம்பிக்கையில் இது செய்யப்படுகிறது, அந்த நம்பிக்கைக்கு நியாயம் இருக்கிறது. பாண்டர் தேடலை மாற்றுவதில்லை, அதற்கு நேரம் மட்டும் கூட்டுகிறது.

ஆனால் இந்த முறை பாண்டரைப் பற்றி எதையும் சொல்லாது. பாண்டர் கோடில் பிழை இருந்தால் அதன் கண்ணில் படாது. நான் மேலே சொன்ன ஆட்டம் அதற்குச் சாட்சி.

இரு பக்கமும் போட்டு

ஸ்வீடனின் எஸ்எஸ்டிஎஃப் பட்டியல் நெடுங்காலமாக இந்த முறைக்குப் பேர்போனது. இரண்டு கணினிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எஞ்சின், 40 நகர்வுக்கு 2 மணி நேரம், இரண்டும் எதிராளியின் நேரத்திலும் யோசிக்கும். ஆளுக்கொரு கணினியோடு வந்து ஆடும் போட்டிகளிலும் இதுதான் இயல்பான நிலை. அங்கே பாண்டர் செய்யாத எஞ்சின் வேண்டுமென்றே நேரத்தைத் தூக்கிக் கொடுக்கிறது.

போட்டிச் சூழலை அப்படியே பார்க்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை, இதைத்தான் செய்ய வேண்டும். பிழை கண்டுபிடிக்கவும் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஆனால் "பாண்டரால் எவ்வளவு லாபம்" என்று இதில் தேடுவது வீண். இரு பக்கமும் லாபம் பெறுவதால் அது விடையில் கழிந்துபோகிறது. எஞ்சிநிற்பது, எந்த எஞ்சின் பாண்டரை இன்னும் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்துகிறது என்ற வித்தியாசம் மட்டும். அது சிறியது. அதை அளக்க பாண்டரோடு ஒரு தொடர், பாண்டர் இல்லாமல் ஒரு தொடர் என்று ஆடி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். கழிக்கும்போது பிழைகள் கழிவதில்லை, சேர்கின்றன. ஒவ்வொன்றிலும் 10,000 ஆட்டம் ஆடி 5 எலோ பிழைக்கு இறக்கினாலும், வித்தியாசத்தின் பிழை 7 எலோ. பாண்டரால் தரவரிசை மாறிவிட்டது என்று சில நூறு ஆட்டங்களை வைத்துச் சொல்லப்படுவதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

இந்த முறையில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. இரண்டும் பாண்டர் செய்யும்போது ஒன்றின் வேகம் மற்றதன் லாபத்தை வெட்டுகிறது. ஊகம் பலித்ததும் என் எஞ்சின் உடனே பதில் ஆடிவிட்டால், எதிரி எஞ்சின் என் நேரத்தில் யோசிக்க நேரமே இருப்பதில்லை. மாறாக நான் கிடைத்த நேரத்தில் இன்னும் ஆழமாகத் தேடினால், எதிரிக்கும் அவ்வளவு நேரம் இலவசம். எதிரி பாண்டர் செய்யாத ஆட்டத்தில் இந்தக் கவலை இல்லை. ஆகவே பாண்டர்ஹிட் வந்ததும் உடனே ஆடுவதா, தொடர்ந்து யோசிப்பதா என்று தீர்மானிக்கும் கோடைச் சரிசெய்யும்போது இந்தச் சூழலில்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும்

ஒரே எஞ்சின், ஒரே பதிப்பு. ஒரு பக்கம் பாண்டரோடு, மறுபக்கம் பாண்டர் இல்லாமல். பாண்டரின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு நேரான விடை இதில்தான் கிடைக்கும். எஞ்சின்களை மோதவிடும் கியூட்செஸ்-சிஎல்ஐ போன்ற கருவிகளில் பாண்டரை எஞ்சின் வாரியாகப் போடலாம் என்பதால் அமைப்பதும் எளிது. வித்தியாசம் பெரிதாக இருக்கும், ஆகவே ஆட்டங்களும் குறைவாகப் போதும். பாண்டர் பக்கம் 55 சதவீதப் புள்ளி எடுத்தால் அது 35 எலோ. 1000 ஆட்டத்தின் 15 எலோ பிழையிலும் அது தெளிவாகத் தெரியும்.

நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான், ஆகவே இதன் பள்ளங்களையும் அதிகம் அறிவேன்.

முதலாவது, வன்பொருள். பாண்டர் செய்யும் எஞ்சின், எதிரி யோசிக்கும்போதும் ஓடுகிறது. இரண்டையும் ஒரே கோரில் கட்டிப்போட்டால் எதிரிக்குக் கிடைக்க வேண்டிய வேகத்தில் பாதியைப் பாண்டர் எஞ்சின் தின்றுவிடும். பாண்டரின் லாபம் என்று நாம் படிக்கும் எண்ணில் எதிரியின் நஷ்டமும் கலந்திருக்கும். ஒரே கோரின் இரண்டு த்ரெட்டுகளில் ஆளுக்கொன்றாக விட்டாலும் இதே கதைதான். கணக்கில் இரண்டு கோர் போலத் தெரியும், உள்ளே பகிர்ந்துகொள்வது ஒன்றைத்தான். தனித்தனி கோர் கொடுத்தாலும் முழுக்கத் தப்ப முடியாது. பல கோர்கள் ஓடும்போது சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேஷ் நினைவகத்தைப் பகிர்வதால் நிலையை மதிப்பிடும் நியூரல் வலையின் எடைகளை ஒன்று ஏற்ற, மற்றது இழக்கும். ஒரு எளிய பரிசோதனை போதும். ஒரு நிலையைக் கொடுத்து, விநாடிக்கு எத்தனை நிலைகளை எஞ்சின் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கோரில் இன்னொரு எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு மறுபடி குறியுங்கள். இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் தொடரலாம். இல்லையென்றால் ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டங்களைக் குறைத்து, சிப்பின் வேகத்தை ஒரே அளவில் பூட்டி, மறுபடி பார்க்க வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாத பாண்டர் சோதனை எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது, தனக்குத்தானே ஆடுவதன் சாய்வு. எதிரில் இருப்பது அதே எஞ்சின், அதே மதிப்பீடு. அதன் மனதை ஊகிப்பது தன் மனதைப் படிப்பதுதான். பலிப்பு விகிதம் வேறு எஞ்சினோடு ஆடும்போது இருப்பதைவிட உயர்ந்திருக்கும், லாபமும் அப்படியே. ஆகவே இந்த எண்ணை உச்சவரம்பாக எடுத்துக்கொள்வது பொருத்தம். பாணியில் வேறுபட்ட, பலத்தில் நெருங்கிய மூன்று நான்கு எஞ்சின்களோடு, பாண்டர் போட்டும் போடாமலும் ஆடிப் பார்த்தால் இன்னும் நேர்மையான எண் கிடைக்கும். ஆனால் கழித்தல் பிழை திரும்ப வந்து சேரும், ஆட்டங்கள் பல மடங்கு வேண்டும்.

மூன்றாவது, ஒரே பெட்டியில் இரண்டு மாற்றங்கள். ஸ்டாக்ஃபிஷில் 'பாண்டர்' என்ற தெரிவைப் போட்டால், ஒரு நகர்வுக்கு ஒதுக்கும் உகந்த நேரத்தை அது கால் பங்கு கூட்டிக்கொள்கிறது. எதிராளியின் நேரத்தில் கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு. நியாயமானதுதான். ஆனால் இந்தத் தெரிவை எஞ்சினில் போட்டுவிட்டு, நடத்தும் மென்பொருள் கோ பாண்டர் அனுப்பாமல் விட்டால், எஞ்சின் வராத வரவை நம்பிச் செலவு செய்யும். அப்படி ஆடிய ஆட்டங்களை வைத்துப் பாண்டரால் பலனில்லை என்று யாராவது சொன்னால், முதலில் லாகில் ஒரு பாண்டர்ஹிட்டாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நேரத்தைக் கூட்டிக்கொடுத்து

நான்காவது வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாண்டரே வேண்டாம். ஒரே எஞ்சினின் இரு பிரதிகள், ஒன்றுக்கு மட்டும் 1.25 மடங்கு நேரம். அடுத்த தொடரில் 1.5, அதற்கடுத்து 1.75, பிறகு 2. ஒவ்வொன்றிலும் எத்தனை எலோ கூடுகிறது என்று குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். இப்போது ஒரு பக்கப் பாண்டர் சோதனையின் எண்ணை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். "பாண்டர் 35 எலோ" என்பது அந்த எஞ்சினுக்கும் அந்த நேரத்துக்கும் மட்டும் உரிய எண். நேரம் நீளநீள ஒவ்வொரு இரட்டிப்பும் தரும் எலோ சுருங்கும். "பாண்டர் 1.4 மடங்கு நேரத்துக்குச் சமம்" என்பதோ எடுத்துச் செல்லத்தக்க எண். இரண்டு அளவிலும் தன்னோடு ஆடுவதன் மிகைப்பு இருப்பதால் அதில் பெரும்பகுதி ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். எதிரியைத் தன்னைப் போலவே ஊகிக்க முடிவதன் சாய்வு மட்டும் மிஞ்சும்.

கைக்கணக்கில் எதிர்பார்த்தது 1.5, அளந்தால் வந்தது 1.2 என்றால், எங்கோ ஒழுகுகிறது. பலித்ததும் மிச்சமான நேரத்தை எஞ்சின் பயன்படுத்தவில்லையா? பொய்த்ததும் ஸ்டாப்புக்குப் பதில் சொல்லத் தாமதிக்கிறதா? பாண்டரின்போது ஹேஷ் டேபிள் வேண்டாத நிலைகளால் நிரம்பிவிடுகிறதா? எங்கே பார்க்க வேண்டும் என்று இந்த இடைவெளி சொல்லிக்கொடுக்கும். பாண்டர் இல்லாத ஆட்டங்கள் என்பதால் கோருக்கு ஒரு ஆட்டம் என்று சிக்கனமாக ஓட்டலாம் என்பதும் வசதி. வளைகோட்டை ஒரு முறை போட்டுவைத்தால் எஞ்சின் பெரிதாக மாறும்வரை அதையே வைத்துக்கொள்ளலாம்.

எந்த நகர்வை ஊகிப்பது

பாண்டரைச் சோதிக்கிறோம் என்றால் எந்தப் பாண்டரை என்றும் கேட்க வேண்டும். வழக்கமான முறை, முந்தைய தேடலின் முதன்மைத் தொடரில் (இரு பக்கமும் ஆடும் என எஞ்சின் கருதும் சிறந்த நகர்வுகளின் வரிசையில்) இரண்டாவதாக நிற்கும் நகர்வை நம்பி முழு நேரத்தையும் அதில் போடுவது. ஒரே குதிரையில் அத்தனை பணத்தையும் கட்டுவது போலத் தோன்றும். எதிராளியின் சிறந்த மூன்று நகர்வுகளுக்கு நேரத்தைப் பகிர்ந்தால் என்ன என்ற யோசனை புதிதாக எஞ்சின் எழுதும் எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது.

கணக்குப் போட்டால் விடை தெளிவு. மூன்றுக்கும் சமமாகப் பிரித்து, 10-க்கு 8 முறை மூன்றில் ஒன்று பலிக்கிறது என்போம். பலித்தாலும் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நேரம், அதாவது 0.415 இரட்டிப்பு. 10 நகர்வுக்கும் சேர்த்துச் சராசரி 0.33. ஒன்றை மட்டும் நம்பி 10-க்கு 5 முறை பலித்தாலே சராசரி 0.5. ஒற்றை ஊகத்தின் பலிப்பு 10-க்கு 3.3-க்குக் கீழே இறங்கினால்தான் பகிர்வு முந்தும். பலம் நெருங்கிய எஞ்சின்களிடையே அவ்வளவு மோசமாக ஊகிக்கும் எஞ்சின் திருத்த வேண்டியது பாண்டரை அல்ல. மனிதரோடு ஆடும்போது ஊகம் அதிகம் பொய்க்கும் என்பதால் அங்கே மட்டும் கேள்வி கொஞ்சம் திறந்திருக்கிறது.

ஊக நகர்வே கையில் இல்லாத நிலைமையும் உண்டு. முதன்மைத் தொடர் ஒரே நகர்வோடு அறுந்துபோகும். அப்போது ஸ்டாக்ஃபிஷ் ஹேஷ் டேபிளைத் துழாவி ஒரு நகர்வை எடுக்கப் பார்க்கிறது. கிரே பிளிட்ஸ் என்ற எஞ்சினோடு 1983-லும் 1986-லும் உலகக் கணினிச் சதுரங்கப் பட்டம் வென்ற ராபர்ட் ஹயட், பிறகு எழுதிய கிராஃப்டியில் எதிராளிக்காக ஒரு குட்டித் தேடல் நடத்தி நகர்வைப் பிடிக்கும் வழியை வைத்தார். உங்கள் எஞ்சின் இந்த இடத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். எதுவும் செய்யாமல் சும்மா இருந்தால், லாகில் பெஸ்ட்மூவ் வரியின் இறுதியில் பாண்டர் நகர்வு இல்லாமல் போன வரிகளை எண்ணினாலே நஷ்டத்தின் அளவு தெரியும்.

என் தேர்வு

அன்றாடத் திருத்தங்களுக்கு நான் பாண்டரை அணைத்தே ஆடுகிறேன், அதில் எனக்குத் தயக்கமில்லை. நேர மேலாண்மையைத் தொட்ட திருத்தம் மட்டும் விலக்கு. அது பாண்டர் இல்லாமல் தேறினாலும், இரு பக்கமும் பாண்டரோடு இன்னொரு முறை தேற வேண்டும்.

புதுப் பதிப்பு வெளியிடும் முன் மூன்று வேலை. முதலில் வேகப் பரிசோதனை, பக்கத்துக் கோர் சும்மா இருக்கும்போதும் ஓடும்போதும். அது சரியாக வந்தால் ஒரு பக்கப் பாண்டரில் 1000 ஆட்டம். ஓப்பனிங்குகள் ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிடுவேன். வலுவான எஞ்சின்கள் சமநிலை ஓப்பனிங்கில் டிராவிலேயே உட்கார்ந்துவிடும் என்பதால் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்த ஓப்பனிங்குகளாக எடுப்பேன். நேரம் மிகக் குறுகியதாக இருக்கக் கூடாது. 10 விநாடி ஆட்டத்தில் நகர்வுக்கு ஒதுக்கும் நேரமே துளி, கட்டளை போய் வரும் தாமதம் அதில் பெரும் பங்காகிவிடும். 60 விநாடிக்குக் கீழே நான் இறங்குவதில்லை. கிடைத்த எலோவை முன்பே போட்டுவைத்த நேர வளைகோட்டில் வைத்து, எத்தனை மடங்கு நேரத்துக்குச் சமம் என்று குறித்துக்கொள்வேன். முந்தைய பதிப்பின் எண்ணைவிடக் குறைந்தால் வெளியீடு நிற்கும்.

மூன்றாவது, இரு பக்கமும் பாண்டரோடு ஒரு முழு இரவு. இதில் எலோவைப் பார்ப்பதே இல்லை. லாகில் நேரத்தால் தோற்ற ஆட்டம், விதிமீறிய நகர்வு, பாண்டர்ஹிட்டுக்கோ ஸ்டாப்புக்கோ முன்னால் வந்த பெஸ்ட்மூவ் ஆகிய மூன்றைத் தேடும் ஒரு சின்ன நிரலை எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஆட்டங்களில் சில, ஒரே நகர்வு மட்டும் உள்ள நிலைகளிலிருந்தும் மேட் நெருங்கிய நிலைகளிலிருந்தும் தொடங்கும். சாதாரண ஓப்பனிங்கிலிருந்து தொடங்கினால் அந்தப் பிழை வெளிப்பட எத்தனை ஆட்டம் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. இங்கே முதல் சில ஆட்டங்களிலேயே மாட்டிக்கொள்ளும். அந்த நிரல் மூன்றிலும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் பதிப்பு எண்ணை மாற்றுகிறேன்.